உடற்பருமனுக்கு ஏச்சு மருந்தல்ல

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வலீமா விருந்து. சஹனைச் சுற்றி உட்காரும்போது உறவுக்காரப் பெண் ஒருவர் என் ராத்தாவைப் பார்த்து, “ராத்தா இருக்கிற சஹனுக்கு அஞ்சு பேர் காணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது.

ஏனெனில், இதே மாதிரியான ஒரு பேச்சு என் ராத்தாவின் கால் விரல் ஒன்றைப் பறித்திருக்கிறது. ஏழு வருடங்களுக்கு முன் நீரிழிவு கிளினிக் ஒன்றில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “இப்படிச் சாப்பிட்டால் சீனி எப்படிக் குறையும்?” என்று அவரிடம் கேட்கப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு வருடங்களாகப் பழைய துண்டைக் காட்டி பாமஸியில் குளிசை வாங்கிப் போட்டார். இரத்தப் பரிசோதனை இல்லை, கால் பரிசோதனை இல்லை. குதிக்காலில் வெடிப்பு, விரலில் ஒரு சின்னப் புண். நாங்கள் கண்டபோது காலம் கடந்திருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. விடியற்காலையிலிருந்து நூறு பேரைப் பார்ப்பவருக்கும் களைப்பு இருக்கும். தவிர, அதே வார்த்தையை வீட்டில் நானும் சொல்லியிருக்கிறேன். “கொஞ்சம் வாயைக் கட்டுங்கோ ராத்தா” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இத்தனைக்கும் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், பிள்ளையை ஏசினால் பாடம் ஏறாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வகுப்பில் பின்பற்றிய அந்தப் பாடத்தை வீட்டில் மறந்துவிட்டேன்.

பிறகு எனக்கும் நிறை கூடியது. முழங்கால் வலி வந்தது. நானும் ஒரு வைத்தியரிடம் போனேன். அங்கே கற்றதையும், அதன் பின் தேடி வாசித்ததையும் ஓர் ஆசிரியையாக இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இது வைத்திய ஆலோசனை அல்ல. வைத்தியரிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை மட்டுமே.

குணக்குறைவா, நோயா?

“அதிகமாகச் சாப்பிடுகிறார், அதனால் பருத்துவிட்டார்” என்பதுதான் எம்மில் பலரின் தீர்ப்பு. அதில் பாதி உண்மை இருக்கிறது. உடல் செலவழிப்பதைவிட அதிக சக்தி உள்ளே போனால் கொழுப்புச் சேரும். ஆனால் ஒருவருக்கு ஏன் அதிகம் பசிக்கிறது, குறைத்த நிறை ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

1994இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழுவினர் லெப்டின் என்ற ஓமோனைக் கண்டறிந்தனர். உடலிலுள்ள கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கல்ல, மூளைக்குச் செய்தி அனுப்பும் ஓர் இழையம் என்பது அதன் மூலம் தெளிவானது. கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறையும். உடனே மூளை, “பஞ்சம் வந்துவிட்டது, சாப்பிடு, சக்தியைச் சேமி” என்று கட்டளையிடும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஓமோனைக் கண்டுபிடித்தனர்.

2011இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பருமனான 50 பேருக்கு 10 வாரங்கள் மிகக் குறைந்த சக்தியுள்ள உணவு கொடுத்து நிறையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களது பசியைத் தூண்டும் ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அதாவது, நிறையைக் குறைத்த மனிதர் ஒரு வருடம் கழித்தும் முன்பைவிட அதிகப் பசியோடு வாழ்கிறார். உடல் தன் பழைய நிறையைக் காப்பாற்றப் போராடுகிறது. அதை வெறும் மனவுறுதியால் மட்டும் எத்தனை நாள் வெல்ல முடியும்?

உடற்பருமன் நீண்டகால நோய் என்று வைத்தியத்துறை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013இல் அதை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 89 கோடி வயது வந்தவர்கள் உடற்பருமனோடு வாழ்ந்தார்கள். இத்தனை கோடிப் பேரும் ஒரே காலத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

முதலில் அளவு நாடா

என்னைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது இதுதான்: “டீச்சர், உங்கட நிறையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமா?” அனுமதி கேட்டார். அந்த ஒரு வசனத்தில் என் பயம் பாதி போய்விட்டது. நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்பது இன்று பல நாடுகளின் வைத்திய வழிகாட்டல்களில் எழுதப்பட்ட ஒரு படி.

பிறகு உடற்திணிவுச் சுட்டியைக் கணக்கிட்டார். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரிக்க வேண்டும். என் நிறை அப்போது 84 கிலோ, உயரம் 1.6 மீற்றர். 84 ÷ (1.6 × 1.6) = 32.8.

பொதுவான அளவுகோலில் 25க்கு மேல் அதிக நிறை, 30க்கு மேல் உடற்பருமன். ஆனால் எம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எண்களிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன. ஆகவே ஆசியர்கள் 23லிருந்தே கவனமாக இருக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது.

இந்த எண் மட்டும் போதாது. தசைப்பிடிப்பான உடலுக்கும் கொழுத்த உடலுக்கும் இது வித்தியாசம் காட்டாது. ஆகவே இடுப்புச் சுற்றளவையும் அளக்கிறார்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80 சென்றிமீற்றர் எல்லை. வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் அதிக கெடுதல் செய்கிறது. பார்வைக்கு மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய எமது ஆண்கள் பலர் “எனக்கென்ன, நான் பருமனில்லையே” என்று நினைப்பது இந்த இடத்தில்தான் பிழைக்கிறது.

இன்னொரு சின்ன விடயம். குருதி அமுக்கம் பார்க்கும்போது பெரிய கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அமுக்கம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டியைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணத்தைத் தேடுதல்

அளந்து முடிந்ததும் கேள்விகள். எப்போதிலிருந்து நிறை கூடியது? பிள்ளை பிறந்த பிறகா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? இரவில் குறட்டையா, பகலில் தூக்கம் வருகிறதா? மனச்சோர்வு உண்டா? என்ன மருந்துகள் பாவிக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசைகள், மனநோய்க்குக் கொடுக்கும் ஒலன்சபின் போன்ற சில மருந்துகள், வலிப்புக்கான சோடியம் வல்ப்ரோவேற், இன்சுலின் போன்றவை நிறையைக் கூட்டக்கூடியவை. அதற்காக யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேட்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைவு, சூலகத்தில் நீர்க்கட்டி வரும் பி.சி.ஓ.எஸ். நிலை ஆகியவையும் பார்க்கப்பட வேண்டியவை.

அடுத்து, நிறையால் உடலுக்கு ஏற்கனவே என்ன கெடுதல் நடந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரத்தத்தில் சீனி, கொழுப்பு, ஈரல், குருதி அமுக்கம், மூட்டு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல். ஒரே நிறையுள்ள இருவரில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லாதிருக்கலாம், மற்றவருக்கு உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். 2025 ஜனவரியில் லான்செட் சஞ்சிகையின் நிபுணர் ஆணைக்குழுவும் இப்படித்தான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. சிகிச்சையின் தீவிரத்தைத் தீர்மானிப்பது தராசு மட்டுமல்ல, உடலின் நிலையும்தான்.

முதற்படி: உணவும் நடையும்

“எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?” என்று கேட்டேன். 25 கிலோ என்று சொல்வார் என்று பயந்திருந்தேன். “ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறையட்டும், பிறகு பார்ப்போம்” என்றார். நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சீனியும் அமுக்கமும் கொழுப்பும் நன்றாக இறங்கத் தொடங்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை.

அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு இரண்டே இரண்டு: நிறையில் 7 சதவீதம் குறைத்தல், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடத்தல். ஏறத்தாழ மூன்று வருடங்களில் அவர்களில் நீரிழிவு ஏற்படுவது 58 சதவீதம் குறைந்தது. மெட்போர்மின் குளிசை எடுத்த குழுவில் குறைந்தது 31 சதவீதம்தான். ஆனால் அந்த முதற் குழுவினரை வெறும் புத்திமதியோடு வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆளுக்கொரு பயிற்றுனர் கூடவே இருந்து, தொடர்ந்து சந்தித்தார்கள். வெற்றியின் இரகசியம் அதுதான்.

பிரித்தானியாவில் ஆறு வருடங்களுக்குள் நீரிழிவு வந்த 306 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வு 2017இல் வெளியானது. சில மாதங்கள் நாளொன்றுக்கு சுமார் 850 கிலோகலோரி மட்டுமுள்ள திரவ உணவு கொடுத்து, பிறகு படிப்படியாக வழமையான உணவுக்குத் திருப்பினார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். இதை வைத்தியக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் தாமாகச் செய்தால், சீனி மருந்து எடுப்பவருக்கு சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும்.

எனக்குச் சொல்லப்பட்டது எளிமையானது. பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு. எமது பீங்கானில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் கறி. அதை மாற்ற எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

பிறகு தேநீர்க் கணக்கு. ஆசிரியர் அறையிலும் வீட்டிலுமாக நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். ஆக 40 கிராம் சீனி, 160 கிலோகலோரி. ஒரு வருடத்துக்கு 58,400. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. உடல் இவ்வளவு நேர்க்கணக்காக நடப்பதில்லை என்றாலும், சீனியை விட்டுவிட இந்தக் கணக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

சஹன் பற்றியும் சொல்ல வேண்டும். கூடியிருந்து உண்பதில் உள்ள அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் எவ்வளவு உண்டார் என்பது சஹனில் உண்பவருக்கே தெரியாது. நான் இப்போது என் பக்கத்துச் சோற்றை முதலிலேயே கையால் பிரித்து எல்லை வைத்துக்கொள்கிறேன். வட்டிலப்பம் வந்தால் இரண்டு கரண்டி. “சாப்பிடுங்கோ டீச்சர், ஒரு நாளைக்குத்தானே” என்று வற்புறுத்தாமலிருப்பது விருந்து கொடுப்பவர் செய்யக்கூடிய உதவி.

இரண்டாம் படி: மருந்துகள்

உணவும் நடையும் போதாதபோது, அவற்றோடு சேர்த்துத்தான் மருந்து, அவற்றுக்குப் பதிலாக அல்ல. பழைய மருந்து ஓர்லிஸ்டற். சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். கொழுப்பான உணவு உண்டால் எண்ணெய்ப் பசையோடு வயிற்றோட்டம் வரும்.

இன்று உலகெங்கும் பேசப்படுவது குடல் ஓமோன் ஒன்றைப் போலச் செயற்படும் ஊசிகள். லிரகுளுரைட், செமகுளுரைட், இரண்டு ஓமோன்களைப் போலச் செயற்படும் டிர்செபற்றைட். இவை மூளையில் பசியைத் தணித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. 2021இல் வெளிவந்த ஆய்வில், வாராந்தம் செமகுளுரைட் எடுத்தவர்களின் நிறை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி எடுத்தவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபற்றைட்டின் உயர்ந்த அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீதம் வரை குறைந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. செமகுளுரைட்டை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைத்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பொதுவானவை. பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமகுளுரைட்டை நிறுத்த வேண்டும். விலையும் ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாதது. திருமணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைக்க இரண்டு மாத ஊசி என்பது சிகிச்சையே அல்ல.

மூன்றாம் படி: சத்திரசிகிச்சை

இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை அகற்றிக் குழாய் போலாக்குவது ஒரு முறை. சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது இன்னொரு முறை. இவை அழகுக்கான சத்திரசிகிச்சைகள் அல்ல. பசி ஓமோன்களையே மாற்றுவதால் நீரிழிவையும் கட்டுப்படுத்துகின்றன. உடற்திணிவுச் சுட்டி 35ஐத் தாண்டியவர்களுக்கும், ஆசியர்களில் 27.5ஐத் தாண்டியவர்களுக்கும் இதைப் பற்றிப் பேசலாம் என்று 2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் பரிந்துரைத்தன. இலங்கையிலும் இது செய்யப்படுகிறது. ஆனால் அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் விற்றமின் குளிசைகளும் பரிசோதனைகளும் தேவை. முதல் ஒரு வருடமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் “மூலிகை”

கிளினிக்கில் வெட்கப்பட்டவர் எங்கே போவார்? கைத்தொலைபேசியில் வரும் விளம்பரத்திடம் போவார். நானும் போனேன். “பக்கவிளைவற்ற மூலிகைக் கோப்பி” என்று பெயரிடப்படாத பொதி ஒன்று வீட்டுக்கே வந்தது. பசி போனது உண்மை. தூக்கமும் போனது. இரண்டாவது வாரம் நெஞ்சு படபடத்து வியர்த்தபோது நிறுத்தினேன். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இது தெரியும்: சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அதன் பிறகும் “இயற்கை” என்று விற்கப்படும் மெலிவுத் தேநீர், கோப்பி, குளிசைகளில் அது இரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. பெயர்ச்சீட்டு இல்லாத, பதிவு இல்லாத எதையும் வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள்.

நோன்பு காலத்தில்

நோன்பு நிறையைக் குறைக்கும் என்று நம்புகிறோம். இப்தாரில் சமோசா, கட்லட், இனிப்புக் குடிபானம், பிறகு இரவு முழுச்சோறு என்றால் எப்படிக் குறையும்? முக்கியமானது இது: கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்யக்கூடியது

ஒரு வருடத்தில் என் நிறை 77.5 கிலோவுக்கு வந்தது. இன்னும் என் சுட்டி 30க்கு மேல்தான். பார்ப்பவர்களுக்கு நான் மெலிந்ததாகவே தெரியாது. ஆனால் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீரிழிவின் விளிம்பிலிருந்த சீனியும் கீழே இறங்கியிருக்கிறது. இடையில் இரண்டு கிலோ திரும்ப வந்தது. ஏச்சு வாங்குவேன் என்று தயங்கித்தான் கிளினிக்குக்குப் போனேன். வைத்தியர், “வந்தீங்களே, அதுதான் முக்கியம்” என்றார். அந்த வார்த்தை என் ராத்தாவுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடசாலை அதிபரிடம் அனுமதி பெற்று, நாங்கள் பதினொரு பெண்கள் சுபஹுக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் நடக்கிறோம். வீதியில் நடக்கக் கூச்சப்பட்டவர்கள்தான் இவர்கள். ஒவ்வோர் ஊரிலும் பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இப்படி ஓர் இடத்தையும் நேரத்தையும் பெண்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தால், அது பல குளிசைகளுக்குச் சமம்.

ராத்தாவும் வருகிறார். விரல் போன காலுக்கென்று விசேடமாகச் செய்த சப்பாத்து போட்டு, மெதுவாக இரண்டு சுற்று. கிளினிக் நாளன்று அவரோடு நானும் லீவு போட்டுப் போகிறேன். வரிசையில் பக்கத்தில் ஒருவர் இருந்தால், எந்தப் பேச்சும் அவ்வளவாகக் குத்துவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு ராத்தா, ஒரு உம்மா, ஒரு நானா இருப்பார். அவருடைய சஹனில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டு, அன்று கூடப் போங்கள்.